எட்டாம் வாரத்து ரத்தம்

இசக்கியப்பனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. அவனை நான் ஒருமுறை ஓங்கி அறைந்திருக்கிறேன். அந்த அறையில் பாதி எனக்கு விழுந்திருக்க வேண்டியது.

என் பெயர் ஷாலின், பென்னலூர்க்காரி. 2004-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடந்த ஒரு காசநோய் மருந்து ஆராய்ச்சியில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். ஆறு மாதம் விழுங்க வேண்டிய மாத்திரைகளை, புதிதாக ஒரு மருந்தைச் சேர்த்து நான்கே மாதத்தில் முடித்துவிட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், கல்லீரல் என்சைம் அளவு ஏறினால் மாத்திரையை அன்றே நிறுத்த வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். அதில் நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

இசக்கியப்பன் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஒரே தெருவில் பிறந்து ஒரே பெஞ்சில் படித்த அருள்பாண்டியோடு 2002-இல் இங்கே பஸ் ஏறி வந்தான். சிப்காட்டில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருவருக்கும் கான்ட்ராக்ட் வேலை. பிள்ளைப்பாக்கத்தில் சவரியம்மாள் வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. ஆறு பேருக்கு ஒரு குழாய், ஒரு கக்கூஸ். காலையில் வரிசையில் நின்று குளித்து எல்லோரும் நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர்வது நடக்கிற காரியம் இல்லை. அதனால் யார் முதலில் போகிறானோ அவன் மற்றவனின் வருகைக் கார்டையும் எடுத்து மெஷினில் ‘டக்’ என்று போட்டுவிடுவான். சூப்பர்வைசருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். ஆள் ஐந்து நிமிஷத்தில் லைனில் நின்றால் போதும் அவருக்கு.

இதை அவர்கள் திருட்டு என்று நினைத்ததே இல்லை. கூட்டாளி என்றால் கார்டு போட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருஷம் இசக்கியப்பன் தினமும் இரண்டு கார்டு போட்டான். அருள்பாண்டி குளிக்க நேரமெடுப்பான்.

அந்த அருள்பாண்டிக்குத்தான் காசநோய் வந்தது. கம்பெனியில் தெரிந்தால் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான் என்று மறைத்தான். நான்கு மாதத்தில் முடியும் என்று எங்கள் ஆட்கள் சொன்னதும் உடனே கையெழுத்துப் போட்டான். தினமும் ஒருவர் முன்னால் மாத்திரை விழுங்க வேண்டும். அதற்குச் சவரியம்மாள் தானாகவே முன்வந்தாள். கணவனை இதே நோய்க்குப் பறிகொடுத்தவள். காலையில் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாத்திரைப் பெட்டியோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவாள். “வாயைத் தொறடா. நாக்கைத் தூக்கு. எங்க ஒளிச்சி வச்சிக்கினு கீற?” என்று அதட்டுவாள். அருள்பாண்டி சிரித்துக்கொண்டே நாக்கைத் தூக்கிக் காட்டுவான்.

எட்டாம் வாரம் வந்தது. அந்த மாதம்தான் கம்பெனியில் பெர்மனென்ட் ஆக்க ஆள் பொறுக்கினார்கள். லீவு போட்டவன் பெயர் லிஸ்டில் இருக்காது என்று சூப்பர்வைசர் பச்சையாகச் சொல்லிவிட்டார். ரத்தம் எடுக்கும் வியாழக்கிழமை அருள்பாண்டிக்கு முதல் ஷிப்ட். இசக்கியப்பனுக்கு அன்று வாராந்திர ஓய்வு.

“ஏல, நீ போய்க் குடுத்துட்டு வா. ஊசிதான குத்துவாவ” என்றான் அருள்பாண்டி.

“கார்டு போடுத மாதிரிதானல. போய்ட்டு வாரேன்” என்றான் இவன்.

இதெல்லாம் பின்னால் இசக்கியப்பனே என்னிடம் சொன்னது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. இருபது பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டிய நாள். ஒவ்வொரு தாளிலும் ‘நோயாளியை நேரில் அடையாளம் கண்டேன்’ என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் டிக் போட வேண்டும். நான் என்ன செய்வேன் தெரியுமா? காலையில் டீ குடித்துக்கொண்டே இருபது தாளிலும் டிக் போட்டு வைத்துவிடுவேன். பெரிய சாமர்த்தியக்காரி! “அருள்பாண்டி” என்று கூப்பிட்டேன். ஒருவன் வந்து உட்கார்ந்து இடது கையை நீட்டினான். நல்ல தெளிவான நரம்பு. நான் நரம்பைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

தாளில் இருந்த கேள்விகளையும் கேட்டேன். “வாந்தி கீதா? பசி எடுக்குதா? உடம்பு அசதியா கீதா?”

“இல்லக்கா, நல்லாருக்கேன்” என்றான்.

ரிப்போர்ட் வந்தது. கல்லீரல் நன்றாக இருந்தது, இருக்காதா பின்னே?

அந்த ஞாயிறே மாதா கோயில் வாசலில் சவரியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஷாலினு, அந்தப் புள்ள ஒரு வாரமா சோறே துன்னமாட்டேங்குது. மாத்திரை போட்டா வாந்தி எடுக்குது. இன்னான்னு பாரேன்” என்றாள்.

“ரிப்போர்ட்டு சூப்பரா கீது ஆன்ட்டி. மெஸ் சாப்பாடு ஒத்துக்கல போல. நீங்க மாத்திரையை மட்டும் விட்றாதீங்க” என்று சொல்லிவிட்டு நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அவள் மாத்திரையை விடவில்லை. அருள்பாண்டி வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்ட, “ரிப்போர்ட்டே நல்லா கீதுன்னு சொல்லிட்டாங்கடா, உனக்கு இன்னா நோவு? முழுங்கு” என்று அதட்டி விழுங்க வைத்தாள். ரிப்போர்ட் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள், கம்பெனிக்கும் தெரிந்துவிடும் என்று பயம். “இன்னும் ஒரு வாரம்தானல, அடுத்த தடவ நானே போறேன்” என்று இசக்கியப்பனிடம் சொன்னானாம். அடுத்த தடவை வரவில்லை. ரத்தம் கொடுத்த ஒன்பதாம் நாள் அருள்பாண்டிக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். சென்னைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பதினோராம் நாள் செத்துப்போனான். இருபத்து மூன்று வயது. பெர்மனென்ட் லிஸ்டில் அவன் பெயர் இருந்தது.

ஊருக்குப் போய் எல்லாம் முடித்துவிட்டு இசக்கியப்பன் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, கேட்டில் கார்டு மாட்டியிருக்கும் பலகைக்குப் போனான். தன் கார்டை எடுத்துப் போட்டான். கை தானாக அடுத்த கார்டையும் எடுத்துப் போட்டுவிட்டது. மெஷினும் ‘டக்’ என்றது. அருள்பாண்டி, காலை ஐந்து ஐம்பத்தாறு, உள்ளே. கார்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றானாம். பின்னால் வந்தவர்கள் தள்ளத் தள்ள நகரவில்லை. சூப்பர்வைசர் வந்து கார்டைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். “அவன் உள்ள வந்துட்டான்க்கா. நான்தான் உள்ள விட்டேன்” என்று என்னிடம் அதைச் சொன்னபோது இசக்கியப்பனின் உதடு வெள்ளையாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவனுக்கு நிம்மதி கிடையாது. லைனில் நிற்கும்போது யாரோ “அருள்பாண்டி” என்று கூப்பிடுவது போலக் கேட்கும். இவன் “இருக்கேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவான். பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பயந்து இடம் மாறிக்கொண்டார்கள். இடது முழங்கையின் உள்பக்கம், ஊசி குத்திய இடத்தை நகத்தால் கீறிக் கீறிப் புண்ணாக்கிக்கொண்டான். தன் ரத்தம் எங்கேயோ குளிர்பெட்டியில் அருள்பாண்டி பெயரோடு இருக்கிறது என்பது அவனை அரித்துக்கொண்டே இருந்தது. அது உண்மையும்கூட. ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் குழாயில் ரத்தம் எடுத்து வைப்போம்.

எங்கள் பக்கத்தில் வேறு கூத்து நடந்தது. பெரிய டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். பதினோரு நாளுக்கு முன்னால் கல்லீரல் நன்றாக இருந்திருக்கிறது, வாந்தி இல்லை, பசி இருந்திருக்கிறது, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. பிறகு எப்படித் திடீரென்று சாவான்? அறையைப் போய்ப் பார்த்தார்கள். ஆறு பையன்கள் இருக்கும் அறையில் காலி பாட்டில் இல்லாமலா இருக்கும்? ‘மருந்தால் அல்ல, குடியால் இருக்கலாம்’ என்று எழுதி மூடினார்கள். ஆராய்ச்சி தொடர்ந்தது. அந்தத் தாள் நாங்குநேரிக்கும் போனது. அருள்பாண்டியின் அம்மா பேச்சி, குடித்தே செத்த புருஷனைப் புதைத்தவள். மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற்றியிருந்தாள். அவன் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஊரில் அவளைப் பார்த்து, அப்பனைப் போலவே மகனும் என்று பேசினார்கள்.

இசக்கியப்பனுக்கு இதெல்லாம் தெரிந்தது, தெரிந்தும் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். பயந்தான். போலீஸ் வரும், வேலை போகும், பேச்சியின் முகத்தில் எப்படி முழிப்பது என்று பயந்தான்.

கடைசியில் அவனை அசைத்தது தங்கமாரி. பக்கத்து அறைக்குப் புதிதாகக் குடிவந்த பெண், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. ஒருநாள் காலை மாடிப்படியில் சவரியம்மாள் மறுபடியும் மாத்திரைப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அதே நிற மாத்திரைகள். எதிரே தங்கமாரி நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். “ஆறாவது வாரம். இந்தப் பொண்ணாவது நல்லபடியா பொழைக்கணும் மாதாவே” என்றாள் சவரியம்மாள் இவனைப் பார்த்து. தங்கமாரி, “சோத்தப் பாத்தாலே கொமட்டுதும்மா” என்றாள்.

அன்று வியாழக்கிழமை. அவன் ஷிப்டுக்குப் போகவில்லை. நேராக எங்கள் கிளினிக்குக்கு வந்து என் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினான். முழங்கை உள்பக்கம் ஒரே புண்.

“யாருப்பா நீ? உன் பேர் இன்னா?”

“அன்னைக்கு என் பேரக் கேக்கலயேக்கா. அருள்பாண்டின்னு கூப்பிட்டிய, நான் வந்தேன். அந்த எட்டாவது வாரத்து ரத்தம் என் ரத்தம்.”

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் கை ஓங்கி அவனை அறைந்துவிட்டேன். “அடப்பாவி, கொன்னுட்டியேடா! அந்த ஆன்ட்டி மாத்திரை குடுத்து குடுத்து... கொன்னுட்டியேடா!” என்று கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். அவன் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. “சவரியம்மா வீட்டுத் தங்கமாரிக்கு மொதல்ல ரத்தம் எடுங்கக்கா” என்றான். அப்போதுதான் என் மேஜையைப் பார்த்தேன். அன்றைய தாள்கள் இருந்தன. எல்லாவற்றிலும் நான் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தேன். இயேசுவே, அந்த நிமிஷத்தை நான் எத்தனை முறை மறக்கப் பார்த்திருக்கிறேன்!

எங்கள் கிளினிக் டாக்டர் நிர்மலிடம் அவனைக் கூட்டிப்போனேன். அவர் குளிர்பெட்டியிலிருந்த குழாயைச் சோதிக்கச் சொன்னார். அருள்பாண்டிக்கு ‘ஓ’ வகை, ஆராய்ச்சியில் சேர்த்தபோதே எழுதியிருந்தோம். குழாயில் இருந்தது ‘ஏபி’. இசக்கியப்பனுக்கும் ‘ஏபி’. தங்கமாரியின் என்சைம் அளவு ஐந்து மடங்கு ஏறியிருந்தது. மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள், பழைய மருந்திலேயே குணமானாள். மறு வாரம் ஆராய்ச்சியையே நிறுத்தி வைத்தார்கள். ‘குடியால் இருக்கலாம்’ என்ற வரியை அடித்துவிட்டு ‘மருந்தால்’ என்று எழுதினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சவரியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் மாத்திரைப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எந்த நோயாளிக்கும் மாத்திரை கொடுத்ததில்லை. இசக்கியப்பனுக்கு வேலை போனது. இப்போது படப்பையில் ஒரு பஞ்சர் கடையில் இருக்கிறான்.

திருத்திய தாளை வாங்கப் பேச்சி இங்கே வந்தாள். நானும் இருந்தேன், இசக்கியப்பனும் இருந்தான், அவனேதான் வரச் சொல்லியிருந்தான். என்னிடம் சொன்னதையெல்லாம் அவளிடமும் சொன்னான். அவள் அழவில்லை.

“எம்புள்ள குடிக்கலல்லா?” என்றாள்.

“ஒரு சொட்டு குடிக்கல அத்தை.”

தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அவன் இடது கையைப் பிடித்து, சட்டைக் கையை மேலே தள்ளி, அந்தப் புண்ணைப் பார்த்தாள். ஆறட்டும் என்பது போல விரலால் மெதுவாகத் தடவினாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“பசிக்குதான்னு இந்தப் புள்ள ஒன்ட்ட கேட்டாளாமே” என்றாள் பேச்சி, என்னைக் காட்டி.

“ஆமா அத்தை.”

“எம்புள்ள சோறு திங்கலன்னு அன்னைக்கு ஒனக்குத் தெரியுமாய்யா?”

அந்த வியாழனுக்கு முந்தின மூன்று நாளும் அருள்பாண்டியின் தட்டு அப்படியே இருந்ததை இவன்தான் எடுத்துக் கழுவியிருக்கிறான். உண்மையைச் சொன்னால் இன்னும் பத்துக் கேள்வி கேட்பார்கள், ஆள் மாறியது வெளியே வந்துவிடும் என்றுதான் அன்று என்னிடம் நல்லாருக்கேன் என்றான். இதை அவன் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

“தெரியும்” என்றான்.

பேச்சி அவன் கையை விட்டாள்.