நடுப் பட்டன்

மூவாயிரத்து நானூற்று ஐம்பது. முதலாளி எனக்குத் தர வேண்டிய கூலி பாக்கி அது. அந்தத் தொகை எவ்வளவு நிஜமோ, நான் சொல்லப்போவதும் அவ்வளவு நிஜம். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். பொய்யை அழகாக எழுதுகிற அளவுக்கு என் கை இன்னும் ஓடவில்லை.

பேய்க் கதை என்றால் நடுராத்திரி, மழை, நாய் ஊளை என்று எழுதித் தள்ளுகிறார்கள். அப்படி எழுதினவன் ஒருத்தனும் பேய் இருக்கிற இடத்தில் நின்று வேலை பார்த்திருக்க மாட்டான். எனக்கு நடந்தது சனிக்கிழமை மத்தியானம். வெளியே நல்ல வெயில். தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவன். முதலாளியைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. டீயில் சர்க்கரை அதிகமாகிவிட்டால், அதைத் திரும்ப எடுத்து நாளைக்கு வைத்துக்கொள்ள வழி உண்டா என்று யோசிக்கிற ஆள். வாடிக்கையாளர்கள் வாங்காமல் விட்ட சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டு வருவான். ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் "கழிச்சுக்கிட்டேன்" என்பான். அந்த ஒரு வார்த்தை சொல்லும்போதுதான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பட்டன் இல்லாமல் ஒரு துணி வந்தால், கையில் வாங்கும்போதே அந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவோம். வரும்போதே பட்டன் இல்லை என்று அர்த்தம். அப்புறம் வந்து "நீங்கதான் தொலைச்சீங்க" என்று எவனும் சண்டைக்கு நிற்க முடியாது. முதலாளி செய்த ஏற்பாடு. அவனே கவுண்டரில் உட்கார்ந்து முடிச்சுப் போடுவான். அதில் மட்டும் அவனுக்கு மறதியே கிடையாது.

கடைக்குப் பின்னால் சிமெண்ட் படிகள் கீழே பாய்லர் அறைக்குப் போகும். அங்கே துணி துவைக்கிறவர் ஒரு அக்கா. புருஷன் செத்து மூன்று வருஷம். அவரும் முன்பு இதே கடையில் இருந்தார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். "அவளை நடுத்தெருவுல விடாம வேலை போட்டுக் குடுத்தவன் நான்" என்று முதலாளி மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவான். அக்கா துணி மூட்டையை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவார். படியில் இறங்கும்போது மட்டும் சுவரோடு ஒட்டி இறங்குவார். எதிரே யாரோ நிற்கிற மாதிரி... கால் வலி போல என்று நினைத்தேன். நான் ஒரு முட்டாள்.

அன்றைக்கு அக்கா பன்னிரண்டரைக்கே போய்விட்டார். நான் என் பாக்கிக்காக நின்றேன். காரணம் இருந்தது. நாங்கள் குடியிருக்கும் அறையின் சொந்தக்காரர் காலையில் வந்து, சாயந்திரம் ஆறு மணிக்குள் வாடகை வராவிட்டால் பெட்டி படுக்கை தெருவில் கிடக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெண்டாட்டி பாத்திரங்களைக் கட்டவே ஆரம்பித்துவிட்டாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதலாளி தன் பீரோவைத் திறந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்தான். மூன்று பட்டன் வைத்த கோட்டு. நடுப் பட்டன் இல்லை.

"நாளைக்கு ஒரு கல்யாணம். பட்டன் தைச்சுத் தேய்ச்சு வை. அஞ்சு மணிக்கு வந்து உன் கணக்கை முடிக்கிறேன்."

யாருடைய கோட்டு என்று கேட்டேன்.

"எவனோ விட்டுட்டுப் போனது. உனக்கெதுக்கு?"

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனான்.

கோட்டைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் சிவப்பு முடிச்சு இல்லை. அப்படியென்றால் வரும்போது பட்டன் இருந்திருக்கிறது. கடைக்குள் வந்த பிறகுதான் பிய்ந்திருக்கிறது. வெறுமனே விழவில்லை, துணியோடு சேர்த்துப் பிய்த்த கிழிசல் இருந்தது. எனக்கென்ன வந்தது? டப்பாவில் இருந்து ஒரு கறுப்புப் பட்டனை எடுத்துத் தைத்தேன். இறுக்கி முடிச்சுப் போட்டேன். மணி 1.20.

முகம் கழுவிவிட்டு வந்தேன். பட்டன் மேசை மேல் கிடந்தது.

கோட்டைப் பார்த்தேன். நூல் அறுந்திருக்கவில்லை. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. தையல் இருக்கிறது... பட்டன் மட்டும் வெளியே.

அசதி என்று என்னையே திட்டிக்கொண்டேன். நூலை இரட்டையாக்கி மறுபடியும் தைத்தேன். இழுத்துப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. கோட்டை மேசையில் விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். முன்பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

டொக்...

பட்டன் தரையில் விழுந்து உருள ஆரம்பித்தது. எங்கள் கடைத் தரை வாசல் பக்கம் சரிவு. தண்ணீர் கொட்டினால் தெருவுக்குத்தான் ஓடும். பட்டன் அதற்கு நேர் எதிராக, பின்பக்கம் போனது. படி மேல் ஒரு நொடி நின்றது.

டொக்... டொக்... டொக்...

கீழே இறங்கிப் போனது. பிறகு சத்தம் இல்லை.

நான் போய்ப் பார்க்கவில்லை. வீரம் காட்டுகிறவனுக்கு யாரும் வாடகை கட்டித் தரமாட்டார்கள். டப்பாவில் இருந்து இன்னொரு பட்டனை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அப்போதுதான் பார்த்தேன்.

நான் தேய்த்து முடித்த இடத்தில் ஒரு கசங்கல். நடுப் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில். தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். போனது. பெட்டியை எடுத்தேன். திரும்ப வந்தது. இருபது வருஷம் துணியோடு கிடந்தவன் நான். எது மடித்ததால் வந்தது, எது உட்கார்ந்ததால் வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இது பிடித்ததால் வந்தது.

நாலு விரல், ஒரு கட்டைவிரல். யாரோ எதிரே நின்று கோட்டை மொத்தமாகக் கையில் பிடித்திருக்கிற மாதிரி.

நான் பார்க்கப் பார்க்க அது இறுகியது.

கோட்டு நகர்ந்தது. மேசை மேல். மெதுவாக... படிப் பக்கமாக.

நான் கோட்டின் ஒரு கையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தது.

பயத்தில் ஆட்கள் சாமி பேரைச் சொல்வார்களாம். எனக்கு வாயில் வந்தது வேறு.

"பட்டன் வேண்டாம்னா விட்டுடுப்பா. எனக்கு என் கூலி பாக்கி வேணும். அவ்வளவுதான்."

இழுப்பு நின்றது.

கசங்கல் ஒவ்வொரு விரலாக விரிந்தது. கோட்டு தளர்ந்து என் கையில் விழுந்தது. நடுவில் மட்டும் ஈரம். ஐஸ் மாதிரி.

ஓடிவிட்டிருக்கலாம். ஓடினால் பாக்கி போச்சு. சுவரில் முதுகைக் கொடுத்து, படியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்கு முதலாளி வந்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். நடுவில் பட்டன் இல்லாததைப் பார்த்தான். ஒரு வேலை உருப்படியாகச் செய்யத் தெரியாதவன் என்று ஆரம்பித்து, என் குலம் கோத்திரம் வரைக்கும் போனான். நான் பட்டன் உருண்டு கீழே போனதைச் சொன்னேன்.

"எடுத்துட்டு வர வேண்டியதுதானே?"

"நான் போகமாட்டேன்."

"அப்ப பட்டன் காசைக் கழிச்சுக்கிட்டேன்."

சிரித்தான். டப்பாவில் நூறு பட்டன் இருக்கிறது. ஆனாலும் கீழே போன அந்த ஒன்றை விட அவனுக்கு மனசு வரவில்லை. கோட்டோடு அப்படியே படி இறங்கினான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

காலடிச் சத்தம் இறங்கியது. நின்றது.

அப்புறம் ஒரு சத்தம்...

சர்ர்க்.

சர்ர்க்.

எனக்குப் பழக்கமான சத்தம். தடித்த துணியில் நூலை இழுக்கிற சத்தம்.

சர்ர்க்.

கீழே யாரோ தைத்துக்கொண்டிருந்தார்கள். அவசரமே இல்லாமல்.

பத்து நிமிஷம் கழித்து முதலாளி ஏறி வந்தான். சுவரோடு ஒட்டி ஏறினான். முகத்தில் ரத்தமே இல்லை. கோட்டின் மூன்று பட்டனும் போட்டிருந்தன. நடுப் பட்டன் நான் தைத்த டப்பா பட்டன் இல்லை. மற்ற இரண்டோடு சேர்ந்த அசல் பட்டன். விளிம்பில் மண் ஒட்டியிருந்தது.

சிவப்பு நூலில் தைத்திருந்தது.

கல்லாவைத் திறந்தான். மூவாயிரத்து நானூற்று ஐம்பதை எண்ணி என் கையில் வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவை ஒன்றும் கழிக்கவில்லை. பிறகு தனியாக ஆயிரத்துத் தொள்ளாயிரம் எண்ணினான்.

"இதை துவைக்கிறவகிட்ட குடுத்துடு."

"எதுக்கு முதலாளி?"

"அவன் பாக்கி," என்றான்.

ஐந்தே முக்காலுக்கு வாடகையைக் கட்டினேன். பெண்டாட்டி மூட்டையை அவிழ்த்தாள்.

திங்கட்கிழமை கடை திறக்கவில்லை. முதலாளி கல்யாணத்துக்கும் போகவில்லையாம். வீட்டில் ஒரு மூலையில் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறானாம். நடுப் பட்டனை யாராலும் கழற்ற முடியவில்லையாம். கத்திரியை எடுத்தாலே அலறுகிறானாம். பரிதாபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.

பணத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அவர் புருஷன்தான் எனக்கு முன்னால் அந்தக் கடையில் இஸ்திரி போட்டவர் என்று அப்போதுதான் சொன்னார். பாக்கி கேட்கப் போன அன்றைக்குப் படியில் விழுந்து செத்தார். தானாக வழுக்கி விழுந்தார் என்று முதலாளி சொன்னான், எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

"கையை இறுக்கி மூடியிருந்தார் தம்பி. விரிக்கவே முடியல. விரல் இடுக்குல கறுப்பா, வட்டமா ஒண்ணு தெரிஞ்சுது. அப்படியே புதைச்சுட்டோம்."

இதெல்லாம் தெரிந்தும் அதே படியில் மூன்று வருஷம் எப்படி ஏறி இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

"அவர் அங்கதானே நின்னுக்கிட்டிருந்தார். தனியா விட்டுட்டு எங்க போறது?"

நான் பணத்தை நீட்டினேன். எவ்வளவு என்று நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

எண்ணிப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பி, என்னைத் தாண்டி யாரையோ பார்த்தார்.

"சரியா இருக்குங்க," என்றார். "நீங்க போகலாம்."

நான் எழுந்தேன். அவர் என் தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார்.

"உன்னை இல்ல தம்பி."