யாரும் சாகாத நாளில் ஒரு சாவு மேளம்

பொலிசில் முப்பது வருஷத்துக்கு மேல் கூட்டத்தைக் கலைத்தே சம்பளம் வாங்கியவன் நான். தேர்த் திருவிழாவானாலும் சரி, சம்பளப் போராட்டமானாலும் சரி, என் குரல் கேட்டால் முன்வரிசை தானாகப் பின்வாங்கும். சாஜனாகப் பென்ஷன் எடுத்து வட்டவளைக்கு வந்ததும், வெள்ளம், மண்சரிவு என்றால் ஓடுகிற அனர்த்தக் குழுவில் தொண்டராகச் சேர்ந்துவிட்டேன். சும்மா இருந்தால் மனைவிக்கு உத்தரவு போடுவேன். அவள் கேட்க மாட்டாள் என்பது வேறு கதை.

இங்கே வேலை தலைகீழ். ஆட்களைக் கூட்ட வேண்டும்.

விடாமல் பெய்த அந்த மழையில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் கீழ் லயத்துக்கு மேலே, தேயிலை மலையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. மலையிலிருந்து பீலியில் விழுகிற குடிதண்ணீர் செம்மண்ணாக வந்தது. இருட்டுவதற்குள் லயத்தைக் காலி பண்ணி, எல்லாரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றியாக வேண்டும். கிராம சேவகர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக் கத்திக்கொண்டு போனார். ஒரு கதவும் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? மீன்காரனும் லொத்தர்ச் சீட்டு விற்கிறவனும் தினமும் அப்படித்தானே கத்துகிறார்கள். நான் கதவு கதவாகத் தட்டினேன்.

"மழை பேயாத வருஷம் எது சாஜன் ஐயா? உள்ள வாங்க, தேத்தண்ணி குடிங்க" என்றார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. லயத்துக் கோடியில் இருந்த தப்படிக்கிறவரிடம் போய், சாவு மேளம் அடிக்கச் சொன்னேன்.

"யாருங்க தவறிட்டாங்க?"

"யாரும் இல்ல. அடிங்க."

"சாவு இல்லாம அத அடிக்கக் கூடாதுங்க. பாவம்."

"பாவம் என்னோட போகட்டும். நீங்க அடிங்க."

முணுமுணுத்துக்கொண்டே தப்புத் தோலை அடுப்பில் காய்ச்சி எடுத்து வந்து அடித்தார். அந்த அடி கேட்டால் தோட்டத்தில் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். அடுப்பில் கொதிக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

"யாரு? யாரு போனது?"

"இன்னும் யாரும் போகல. இப்பவே மேல ஏறலன்னா, நாளைக்கு இந்த மேளத்த அடிக்கக்கூட ஆள் இருக்காது" என்று வெடிப்பைக் காட்டினேன்.

கொழுந்து எடுக்கிற ஓர் அம்மாவுக்கு ஆவேசமே வந்துவிட்டது. "வெளங்குவீங்களா நீங்க? உசிரோட இருக்கவங்களுக்கா சாவு மேளம்?" என்று திட்டியபடி, கோழிகளைப் பிடிக்கத் திரும்பினார். நான் குறுக்கே நின்று மறித்தேன். பழைய பொலிஸ் குரல் அப்போதுதான் உதவியது. ஒருவரையும் திரும்பிப் போக விடவில்லை.

எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது மலை இறங்கியது. கீழ் லயத்தில் பாதியைக் காணவில்லை. உள்ளே ஓர் ஆள் இல்லை.

காலையில் மழை விட்டதும் அந்த அம்மா தன் வீடு இருந்த இடத்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"செத்த நேரம் விட்டிருந்தா கோழியவாவது புடிச்சிருப்பேனே! ஒங்களாலதான் எல்லாம் போச்சு!"

ஊர் பார்க்க என்னைக் கிழித்தெடுத்தார். தொப்பி போட்டிருந்த காலத்தில் யாராவது இப்படிப் பேசியிருந்தால் நடந்திருப்பதே வேறு. அன்றோ, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க அவர் நிறுத்தியதும் சொன்னேன்:

"இன்னும் திட்டுங்கம்மா."