பூங்காவுக்குக் கிடை போட்ட குழு

மதுரையில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு கட்டில் அகலத்துக்குப் புல் வளர்த்திருக்கிறார்கள். அதை எப்படிப் பேணுவது என்று யோசனை சொல்ல ஒரு குழு அமைத்திருப்பதாகவும், நானும் அதில் உறுப்பினர் என்றும் நேற்று கைபேசியில் தகவல் வந்தது. நான் சிரித்த சிரிப்பில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். இந்த விஷயத்தில் நான் பழைய கை என்பது அவளுக்குத் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். எந்தக் கூட்டம் நடந்தாலும் மேடையில் உட்காராவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் கடைக்குப் பின்னால் கிடந்த பொட்டலைப் பூங்கா ஆக்குவதென்று நகராட்சியில் முடிவானபோது யோசனை சொல்ல ஒரு குழு போட்டார்கள். கலை பண்பாட்டுப் பசுமை ஆலோசனைக் குழு என்று பெயர். அண்ணாச்சி தலைவர். கையெழுத்து அழகாக இருந்த ஒரே குற்றத்துக்காக நான் செயலாளர்.

நெசவு ஊர் அல்லவா, கூட்டம் துண்டில்தான் தொடங்கும். தலைவர் உறுப்பினர்களுக்குப் போர்த்துவார், உறுப்பினர்கள் தலைவருக்குப் போர்த்துவார்கள், பிறகு ஆளாளுக்கு மாற்றி மாற்றிப் போர்த்திக்கொள்வார்கள். அதற்குள் டீ ஆறிப்போய்விடும். அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் தலை துவட்டத் துண்டுக்குப் பஞ்சமே வந்ததில்லை. குழுவால் கலை வளர்ந்ததா என்று கேட்டால், என்னால் காட்ட முடிந்த சாட்சி அது ஒன்றுதான்.

குழுவில் ஒரே பெண் சரோஜா அக்கா. விசைத்தறிக் கொட்டகையில் தார் சுற்றுகிறவர், அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பவர். பெண் ஒருத்தியாவது இருக்கணும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டதால் சேர்த்திருந்தார்கள். அவருக்கு மட்டும் துண்டைக் கையில் கொடுப்பார்கள். தறிச் சத்தத்திலேயே கிடந்து காது பாதி மந்தம். ஆனால் என்ன வேண்டும் என்பதில் தெளிவு.

“மரம் எதுனாலும் வைங்கண்ணாச்சி. அடியில ஒரு திண்டு கட்டி விடுங்க. வேல முடிஞ்சு வாரப்ப செத்த நேரம் சத்தமில்லாம உக்காரணும். எங்க உக்காந்தாலும் ஏன் இங்க உக்காந்திருக்கன்னு கேக்குறாக.”

“பொம்பளைகளுக்குத்தான் பொங்கலுக்குக் கோலப்போட்டி வச்சிருக்கமே சரோசா” என்றார் அண்ணாச்சி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

அக்கா கேட்டது சின்ன விஷயமாகத் தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். அந்த ஊரில் ஆம்பளை உட்கார டீக்கடை பெஞ்சு உண்டு, சலூன் உண்டு, கண்ட கண்ட மதகும் உண்டு. பொம்பளை உட்காரக் கோயிலும் ஆஸ்பத்திரி வரிசையும்தான். கோயிலிலும் கும்பிட்டு முடித்தால் எழுந்துவிட வேண்டும்.

மரம் எதுனாலும் வைங்க என்று அக்கா சுலபமாகச் சொல்லிவிட்டார். குழுவுக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை. வேம்பு என்றார் ஒருவர். வேம்பு வைத்தால் யாராவது மஞ்சத்துணி கட்டுவார்கள், அப்புறம் அது எந்தத் தெரு அம்மன் என்று சண்டை வரும் என்றார் தறி முதலாளி ராமையா. அரசமரம் வைத்தால் பிள்ளையார் வந்துவிடுவார். புளி வைத்தால் பேய் வந்துவிடும். ராமையாவுக்குக் கோபம் வந்தால் வீட்டில் பேசுகிற தெலுங்குக்குத் தாவிவிடுவார். அவர் என்ன மரம் சொன்னார் என்பதே பல கூட்டங்களில் யாருக்கும் விளங்கவில்லை.

மரத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் மண்ணைப் பண்படுத்துவோம் என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சமாதானம் சொன்னார். உடனே அண்ணாச்சிக்குத் தன் பூர்வீகம் ஞாபகம் வந்துவிட்டது. “எங்கய்யா காலத்துல கிடை போடாம நெலத்துல கால் வைக்க மாட்டாக” என்றார். திருச்சுழிப் பக்கமிருந்து ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவரை அழைத்து வந்து, புழுக்கை உரமாகட்டும் என்று ராத்திரிதோறும் ஆடுகளை அடைத்துப் பொட்டலில் கிடை போட்டார்கள். நாட்டிலேயே பூங்காவுக்குக் கிடை போட்ட குழு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கிடை போட்டால் அடுத்து உழ வேண்டும். அது விவசாயம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். நூல் விற்கிறவர்களுக்குக் கிடை மட்டும்தான் ஞாபகம் இருந்தது. கோடை பூராவும் அந்த ஆடுகள் தின்றது வேலிக்கருவை முள்மரத்தின் காய்ந்த நெத்து. புழுக்கையோடு விதையும் விழுந்திருந்தது. ஐப்பசி மழை பெய்ததும் பொட்டல் முழுக்கக் கருவை முளைத்துவிட்டது. பார்வையிட வந்த அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்காமலே “நல்லாப் பச்சையா இருக்கே” என்றார். அவ்வளவுதான், பூங்காவுக்குப் பலகை நட்டுவிட்டோம். உள்ளே போக முடியாத பூங்கா என்பதைப் பலகையில் எழுதவில்லை.

இரண்டு மூன்று வருடத்தில் கருவை ஆளுயரம் தாண்டிவிட்டது. ஒருநாள் சரோஜா அக்கா கடைக்கு வந்து, நூல் சிப்பம் கட்டி வந்த பழஞ்சாக்குகளைக் கேட்டு வாங்கிப் போனார். அன்று சாயங்காலம் கடையின் பின்வாசலில் நின்றபோது முள்ளுக்கு நடுவிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கொட்டகைப் பெண்கள் அரிவாளால் கொஞ்சம் இடம் ஒதுக்கி, சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முள்ளுக்குப் பயந்து ஆம்பளைகள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கவும் ஆளில்லை. தினமும் அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே நான் பின்வாசலில் போய் நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

விஷயம் ராமையா காதுக்குப் போனது. அவசரக் கூட்டம். “அங்கன உக்காந்து என்னத்தப் பேசுறாளுகன்னே தெரியலண்ணாச்சி” என்றார். வாத்தியார் பண்பாடு பற்றி வெகுநேரம் பேசினார். குழுவின் பெயரில் அந்தச் சொல் எதற்கு இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

“திண்டுதான் கட்டல. முள்ளயாவது விட்டு வைங்க” என்றார் அக்கா. கொடுத்த துண்டை நாற்காலியிலேயே போட்டுவிட்டு எழுந்து போனார். ஒரு மரம் வைக்க ஒத்துவராத குழு, அத்தனையையும் வெட்ட ஒரே கூட்டத்தில் ஒத்துக்கொண்டது. அடுத்த வாரமே விறகைக் கரியாகச் சுடும் மூட்டக்காரர்கள் வந்து தூரோடு தோண்டிக்கொண்டு போனார்கள். இன்னமும் எனக்கு அது ஆறவில்லை.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். குழு எப்போது கலைந்தது என்று யாருக்கும் தெரியாது. பொட்டலில் இப்போது கடைகள் கட்டி, வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை அப்புறம் அந்த ஊரில் நான் எங்கேயும் கேட்கவில்லை.

போன ஆவணியில் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் சரோஜா அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் கனமான பையோடு பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“உக்காருங்கக்கா” என்றேன், காதில் விழும்படி சத்தமாக.

“இருக்கட்டும்ப்பா. பஸ்ஸு இப்ப வந்துரும்.”

அக்கா போக வேண்டிய திருச்சுழி பஸ் வர வெகுநேரம் இருந்தது. பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. அக்கா சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.