நீலமாகிப்போன மணப்பெண்கள்

ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் கல்யாணம் என்றால் படம் எடுப்பது கிளைவ் ட்ரெகெல்லஸ்தான். சூரைமீன் படகுக்காரர்கள், ஆட்டுப் பண்ணைக்காரர்கள், நான், எல்லோரும் அவர் முன்னால் நின்று சிரித்தவர்கள். என் பேக்கரிக்கு மேல் மாடியில் அவர் ஸ்டுடியோ.

ஊர்ப் புகைப்படச் சங்கத்துக்குச் செயலாளராக வந்த பிரையனி, நிறத்தை அளக்கும் கருவி ஒன்றை வைத்திருந்தாள். சுண்டெலி அளவுதான். படத்தின்மேல் வைத்தால் எந்த நிறம் கூடியிருக்கிறது என்று சொல்லிவிடும். கிளைவ் எடுத்த ஒரு மணப்பெண்ணின் கவுன்மேல் அதை வைத்துப் பார்த்தாள்.

"கிளைவ், இது வெள்ளையே இல்ல. ஒரே நீலம்."

"அந்தக் கல்யாணத்துல நான் இருந்தேன். நீ இருந்தியா?"

"இல்ல."

"உன் எலி இருந்துச்சா?"

அதோடு பேச்சு முடிந்தது. இந்த ஊர் வெளிச்சம் தனக்கு மனப்பாடம், தன் கண்ணுக்கு மேல் கருவி கிடையாது என்று அவர் சங்கத்துக்கே போகாமல் நின்றுவிட்டார்.

ஆனால் வண்டி ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்கக் கண்ணைச் சோதித்தபோது, பலகையின் மேல்வரியைத் தாண்ட முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. அவர் மனைவி நோரீன் அடிலெய்டுக்குக் கூட்டிப்போய் முதலில் வலது கண்ணுக்கு அறுவை செய்வித்து அழைத்துவந்தாள்.

மறுவாரம் கடையில் வேலை செய்யும் பெண் உள்ளே வந்து என்னிடம் முறையிட்டாள். "மாடிக் கிழவர் என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறார். மாத்தி மாத்தி ரெண்டு கண்ணையும் அடிக்கிறார்."

போய்ப் பார்த்தேன். அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்த க்ரீம் பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கண்ணுல க்ரீம் வெள்ளையா இருக்கு. அந்தக் கண்ணுல டீ கொட்டின மாதிரி இருக்கு," என்றார். பிறகு சுவரில் மாட்டியிருந்த என் கல்யாணப் படத்தை நிமிர்ந்து பார்த்தார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டார்.

"அன்னிக்கு உனக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருந்தேன்."

"கடல்லேருந்து இழுத்துப் போட்ட பிணம் மாதிரி இருக்கியே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க எடுத்த படமாச்சே, அதான் அழகுன்னு நெனச்சேன்."

புரையால் மஞ்சளித்த கண்ணால் பார்த்துப் பார்த்து, அதை ஈடுகட்டப் படங்களில் நீலத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். அன்றே பிரையனி வீட்டுக் கதவைத் தட்டினார். "அந்த எலியக் கொண்டு வா," என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஆனால் அவளுக்கு என் கடையில் சுட்ட ஆப்பிள் பை ஒன்று வாங்கிப்போனார்.

கடைசிச் சில வருடத்துப் படங்களை எல்லாம் திருத்தி, தன் செலவிலேயே அச்சடித்து வீடு வீடாகக் கொண்டுபோனார். பாதிப்பேர் வாங்கிக்கொள்ளவில்லை. படகுக்கார ஸ்லாவிட்சா புதிய படத்தையும் பழையதையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுப் புதியதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல என் மருமகன் மூக்கு செவந்திருக்கு. மோதிரம் மாத்தறதுக்கு முன்னாடியே குடிச்சிருக்கான்னு தெரியுது. நீலமே இருக்கட்டும், கிளைவ்."

திரும்பி வந்த படங்களை மாடிக்குத் தூக்கிப்போக பிரையனி உதவினாள். படியில் நின்று மூச்சு வாங்கியபடி அவர் கேட்டார்:

"இந்த எலி தப்பே பண்ணாதா?"

"பண்ணும். பழசாச்சுன்னா அதோட கண்ணும் மங்கிடும். அப்பப்போ கம்பெனிக்கு அனுப்பிச் சரிபாக்கணும்."

கிளைவ் படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கீழே கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.