முனையில் மட்டும் அளந்த தெரு

சென்ற செவ்வாய்க்கிழமை மிக்ஸி ஜாருக்கு பிளேடு மாற்றுவதற்காகக் கடைவீதிக்குப் போயிருந்தேன். பிளேடு மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடியதுதான் அரை மணி நேர வேலை. மூன்று முறை சுற்றி வந்தேன். நகைக்கடை வாசலில் ஒருவர் விசில் ஊதினார், ஜவுளிக்கடை வாசலில் இன்னொருவர் கயிறு கட்டியிருந்தார். நான்காவது சுற்றில் பொறுமை போய், பின்பக்கத்துக் கிணத்தடித் தெருவுக்குள் வண்டியைத் திருப்பி, ஒரு ஸ்கேன் சென்டர் முன்னால் ஸ்டாண்டு போட்டேன்.

"மேடம், இங்கிட்டு நிப்பாட்டாதீங்க. பேஷன்ட் வண்டி வர்ற எடம்" என்றார் வாட்ச்மேன்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நான் உடனே நகரவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு யாரோ வெளியே வர, உள்ளேயிருந்து பினாயில் வாசனை குப்பென்று அடித்தது. அது நிசாக்காவின் வீடு. இப்போது ஸ்கேன் எடுக்கும் அந்த முன்னறையில் அப்போது இரண்டு தையல் மிஷின்கள் இருந்தன. நிசாக்கா யார் என்று சொல்வதற்கு முன்னால் பினாயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பினாயில் என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருவதில்லை, நகராட்சி அலுவலகம்தான் வரும். ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்துவிட்டு, தற்காலிக வேலையாக அங்கே நகரமைப்புப் பிரிவில் சேர்ந்தேன். தினமும் அரிமளத்தில் பஸ் ஏறி, தரை துடைத்த ஈரம் காய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடந்து என் மேசைக்குப் போக வேண்டும். மேசை என்றா சொன்னேன்? சாய்ந்த பலகை. அதன் ஒரு கால் கட்டை என்பதால் அடியில் பழைய வரிரசீதுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து பென்சிலைச் சீவும்போது, ஊரையே நான்தான் வரையப் போகிறேன் என்று ஒரு மிதப்பு வரும். இருபத்திரண்டு வயதில் அந்த மிதப்பு இல்லாவிட்டால் எப்படி?

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில், ஒரு கடைவீதியும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலைந்து குடியிருப்புத் தெருக்களும் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைவீதியில் அப்போதே வண்டி நிறுத்த இடமில்லை. முகூர்த்த நாளில் டவுன் பஸ் ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் கண்டக்டர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்து ஏறிக்கொள்வார்.

அதனால் நகர்மன்றத்தில் ஒரு யோசனை வைத்தார்கள். கிணத்தடித் தெருவுக்குப் பின்னால் கிடந்த நகராட்சிக் காலி மனையை வாகன நிறுத்துமிடம் ஆக்குவது. அதற்குப் போகும் வழியாகக் கிணத்தடித் தெருவை எடுத்துக்கொள்வது. கார்கள் போய்வரும் தெரு குடியிருப்பாக இருக்க முடியாது என்பதால் அதை வணிகப் பகுதியாக மாற்றுவது. யார் வீட்டையும் தொட வேண்டியதில்லை, தெரு இருபதடி அகலம் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அந்த இருபதடியைக் கொடுத்தவள் நான்.

எப்படிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மத்தியான வெயிலில், புதுச் செருப்பு குதிகாலைக் கடிக்க, டேப்பும் நோட்டுமாக அந்தத் தெருவுக்குப் போனேன். தெருமுனையில் அளந்தேன், இருபதடி. பிறகு ஒவ்வொரு வீடாக, குடியிருப்பா கடையா என்று குறித்துக்கொண்டே போனேன். நடுத்தெருவில் ஒரு வீட்டில் "லேடீஸ் டெய்லர்" என்று சின்னப் பலகை தொங்கியது. கடை என்று எழுதினேன். அந்த வீட்டு அக்காதான் நான் நொண்டுவதைப் பார்த்துக் கூப்பிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, குதிகாலில் வைத்துக்கொள்ள ஒரு துண்டுத் துணியும் வெட்டிக் கொடுத்தார். கழுத்தில் இஞ்ச் டேப்பை மாலை மாதிரி போட்டிருந்தார். அவர்தான் நிசாக்கா. கணவர் ஷார்ஜாவில் இருந்தார். மூன்று பிள்ளைகளை மிஷின் சத்தத்திலேயே வளர்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரைக் குடித்ததும் திரும்பிவிட்டேன். நடுத்தெருவில் அளக்கவில்லை. அலுவலகத்துக்கு வந்து, செட்ஸ்கொயரை வைத்து அந்தத் தெருவுக்கு இரண்டு இணைகோடுகள் இழுத்தேன். அழகாக இருந்தது. குடியிருப்புக்கு மஞ்சள், கடைக்கு நீலம் பூசினேன். எங்கள் பிரிவு ஆய்வாளர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "நீட்டா இருக்கும்மா" என்றார். அவர் மேசை டிராயரில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். சந்தோஷமாக இருந்தால் எங்களுக்கும் ஒரு கை கிடைக்கும். அன்றைக்குக் கிடைத்தது.

படத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வராந்தாவில் ஒட்டினார்கள். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு. முதல் மூன்று நாள் யாரும் வரவில்லை. நான்காவது நாள் நிசாக்கா வந்தார்.

"இதுல எங்க வீடு எதும்மா?"

பென்சிலால் தொட்டுக் காட்டினேன்.

"அது ஏன் நீலமா இருக்கு?"

"நீலம்னா கடைங்க்கா. போர்டு வச்சிருக்கீங்கல்ல."

"தையல் மிஷின் கெடந்தா வீடு கடையாயிருமா? அப்ப நான் சோறாக்குறனே, ஓட்டலுன்னு எழுதிக்கிருவீங்களா?"

பக்கத்தில் நின்ற பியூன் சிரித்தார். நிசாக்கா சிரிக்கவில்லை. என் இணைகோடுகளின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், நடுவில் நிறுத்தினார்.

"எங்க தெரு இம்புட்டு நேராவாம்மா இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். சண்டை போடவில்லை. கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அன்று மாலை அரிமளம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மன்றத்தில் ஆட்சேபணைகளைக் கேட்கும் விசாரணைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நான் திரும்பப் போய் அளந்திருக்கலாம். போகவில்லை. தப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அளக்காத வரைக்கும் அது தப்பில்லை என்று ஒரு கணக்கு. நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கே வரும் கணக்கு அது.

விசாரணை நாளில் மன்றக் கூடம் நிறைந்துவிட்டது. கிணத்தடித் தெருவே எழுந்து வந்திருந்தது. தெருவுக்குள் ஒரே கருத்து என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் எழுந்தவர் சூசையண்ணன். ஆவூர்க்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிசாக்கா வீட்டுக்கு எதிர்வீடு.

"ஐயா, எம் பையன் டி.வி. ரிப்பேரு படிச்சிருக்கான். வீட்டு முன்னால ஒரு கடை போட்டா அவன் எங்கயும் போகாம இங்கனயே பொழச்சுக்குவான். தெரு கமர்ஷியலு ஆனா எனக்கு நல்லதுதான். வேணாங்கிறவங்க அவங்கவங்க வீட்டு ஆம்பளைங்க ஊருல இருக்காங்களான்னு பாத்துக்கிட்டுச் சொல்லட்டும்."

கடைசி வரி நிசாக்காவுக்கு. கூடத்தில் சலசலப்பு. நிசாக்கா எழுந்தார்.

"அண்ணன் சொல்றது நாயந்தாங்க. அவரு மகன் கடை வைக்கட்டும், நான் வேணாங்கல. நான் கேக்குறது ஒண்ணுதான். காரு எப்புடிங்க போகும்? எங்க வீட்டுக்கு முன்னால, சுவருக்கும் சுவருக்கும் பதிமூணடிதான் இருக்கு. அஞ்சு தடவை அளந்துட்டேன்."

கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக் காட்டினார். முன்வரிசையில் இருந்த உறுப்பினர் ஒருவர், "ஜாக்கெட்டு அளக்குற டேப்ல ரோட்டை அளந்தா இப்புடித்தான்" என்றார். கூடம் சிரித்தது.

"ஜாக்கெட்டுக்கு ஒரு இஞ்சு, ரோட்டுக்கு ஒரு இஞ்சாங்க?" என்றார் நிசாக்கா.

சிரிப்பு நின்றுபோனது. நகராட்சி ஆணையர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் என்னைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுதான் சார் நேர்ல போயி அளந்துச்சு. சொல்லும்மா, இருபதடிதானே?"

ஆமாம் சார் என்று சொன்னால் போதும். என் வேலை தற்காலிகம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்க வேண்டும், நீட்டிக்க எழுதுகிறவர் அவர்தான். நிசாக்கா என்னை முறைக்கவில்லை. ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு எங்கே பிடிக்கிறது என்று சொல்லப்போகிற பெண்ணைப் பார்ப்பதுபோல, சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

"முனையில மட்டும்தான் சார் அளந்தேன்" என்றேன். "உள்ள அளக்கல. படம் என் தப்பு."

ஆணையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"எந்திரிங்க. இங்க என்ன தூரம், போயி அளந்து பாத்துருவோம்."

அப்படி ஒரு ஊர்வலத்தை அந்த ஊர் அதற்குமுன் பார்த்திருக்காது. ஆணையர், உறுப்பினர்கள், பியூன், தெருச்சனம் எல்லோரும் கடைவீதியைக் குறுக்கே கடந்ததில் போக்குவரத்து நின்றே போனது. தெரு நடுவில், நிசாக்கா வீட்டுச் சுவரில் நான் நகராட்சி டேப்பின் ஒரு முனையை அழுத்திப் பிடித்தேன். மறுமுனையைச் சூசையண்ணன் வீட்டுச் சுவரில், ஜாக்கெட் பேசிய அதே உறுப்பினர் பிடித்தார். ஆய்வாளர் குனிந்து படித்தார்.

"பதிமூணடி நாலு இஞ்சு."

நிசாக்கா, "நாலு இஞ்சை நான் விட்டுட்டேங்க" என்றார். அவருக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

இருபதடி வேண்டுமென்றால் ஏழு வீடுகளின் முன்னறையை இடிக்க வேண்டும் என்று ஆய்வாளர் அங்கேயே கணக்குச் சொன்னார். அதில் முதல் வீடு சூசையண்ணனுடையது. அவர் தன் முன்னறையை ஒருமுறை பார்த்தார், டேப்பை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப எம் மகன் கடையை எங்கிட்டு வைக்கிறது, நடுரோட்டுலயா?"

யோசனை அந்த வெயிலிலேயே செத்துப்போனது. வாகன நிறுத்துமிடம் பழைய மாட்டுச்சந்தைத் திடலுக்குப் போயிற்று. கிணத்தடித் தெரு குடியிருப்பாகவே நின்றது. நான் புதிதாக ஒரு படம் வரைந்தேன், செட்ஸ்கொயர் இல்லாமல், பத்தடிக்கு ஒருமுறை அளந்து. இடுப்பு பிடித்துக்கொண்ட மனிதன் மாதிரி வளைந்து நின்றது தெரு. நிசாக்கா வீட்டுக்கு மஞ்சள் பூசினேன். ஆய்வாளர் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ஒன்றும் சொல்லாமல் என் பலகையில் ஒரு கை வேர்க்கடலை வைத்துவிட்டுப் போனார். அது உருண்டு உருண்டு கீழே விழ, நான் பொறுக்கித் தின்றேன். வேலையும் நீடித்தது.

அன்றைக்குக் கூடத்தில் உண்மையைச் சொன்னது பெரிய தைரியம் என்று நான் எப்போதும் பீற்றிக்கொள்வதில்லை. வேறு வழியில்லை, டேப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் ஒன்று நிச்சயம். அதற்குப் பிறகு நான் அளந்தேன் என்று சொன்ன எந்த இடத்தையும் யாரும் மறுபடி அளந்து என்னை மடக்கியதில்லை. இப்போது எனக்குச் சொந்தமாக அலுவலகம் இருக்கிறது, கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் உரிமமும் இருக்கிறது. எட்டு பேர் வேலை பார்க்கிறார்கள். டேப்பின் ஒரு முனையை இன்றும் நான்தான் பிடிக்கிறேன்.

ஆறேழு வருடத்துக்கு முன்னால் நிசாக்கா அந்த அலுவலகத்துக்கு வந்தார். கணவர் ஊருக்கே திரும்பிவிட்டார், நார்த்தாமலை பக்கம் மனை வாங்கியிருக்கிறார்கள், வீட்டுக்குப் படம் போட வேண்டும்.

"போர்டிகோ பெருசா வேணும்மா. ரெண்டு காரு நிக்கணும்."

"அக்கா, கார் நிறுத்த எடம் வேணாம்னு ஊரையே தெருவுல எறக்குனது நீங்கதானே?"

"அது ஊரான் காரு. இது எம் மருமகன் காருல்ல!"

இருவரும் சிரித்து ஓய்ந்தபிறகு, பழைய வீட்டை ஸ்கேன் சென்டருக்குக் கொடுத்துவிட்டதைச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. "அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் நல்லா இருந்தோம். புள்ளைங்கள அங்கதானே ஆளாக்குனேன்? அது போதும்" என்றார். அதுவும் சரிதான். இடித்து விரட்டப்படுவது வேறு, தானாகப் பூட்டிச் சாவி கொடுப்பது வேறு. அந்த வித்தியாசத்துக்காகத்தான் அவர் அன்றைக்கு நின்றார்.

அவரைப்போலவே மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். ஒரு கிளினிக், ஒரு டியூஷன் சென்டர், இரண்டு குடோன். சூசையண்ணன் மகன் கடை வைத்து, அது வளர்ந்து, பஸ் ஸ்டாண்டுக்கு மாறிப் போய்விட்டது. கடைசிவரை அந்தத் தெருவில் குடியிருந்தவர் சூசையண்ணன்தான். வாசலை மறித்து பைக் நிறுத்துகிறார்கள் என்று நகராட்சிக்கு ஒரு மனு எழுதித் தரச் சொல்லி என்னிடமே வந்தார். எழுதிக் கொடுத்தேன். போன வருடம் அவரும் ஆவூருக்கே போய்விட்டார்.

அன்று மிக்ஸி ஜாரைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தேன். பலகைகள் நிறைய இருந்தன. ஒரு வாசலில்கூடக் கோலம் இல்லை, ஒரு கொடியில்கூடத் துணி இல்லை. தபால்காரர் தினமும் வருகிறாராம். பால்காரர்தான் இப்போது அந்தத் தெருவுக்குள் திரும்புவதே இல்லை.