சவுலின் ஆடும் என் குக்கரும்

வெள்ளத்தில் எல்லாம் இழந்த சனத்துக்கு வந்த குக்கரைத் திருடியவள் நான்தான்!

திருடினேன் என்று சொல்ல எனக்கு மூன்று வருடம் எடுத்தது. அதுவரை ‘எடுத்து வைத்தேன்’ என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுத்து வைப்பதாம்... என்ன மரியாதையான சொல்!

கொட்டாஞ்சேனையில் எங்கள் சபை மாதர் சங்கத்துக்கு நான் தலைவி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. குரல் மட்டும் பெரிது. ஆகவே தலைவி.

களனி கங்கை முகத்துவாரத்து வீடுகளுக்குள் புகுந்த வருடம் அது. சனம் தந்த சாமான்கள் சபை மண்டபத்தில் குவிந்தன. பாஸ்டர் ஒன்றுதான் சொன்னார்: “அம்மா, ஒரு கரண்டிகூட இங்க மிஞ்சக் கூடாது.”

ஓம் என்றேன். ஆமென் என்றும் சொன்னேன்!

வெள்ளவத்தையிலிருந்து யாரோ புத்தம்புது பிரஷர் குக்கர் அனுப்பியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தேன். பளபளப்பில் என் முகம் தெரிந்தது. அழகாகவும் தெரிந்தது! சாத்தான் வேறு எப்படி வருவான்?

முகத்துவாரத்துச் செல்வி வரிசையில் நின்றாள். இரண்டு பிள்ளைகள், வீட்டில் ஒரு பாத்திரம் மிச்சமில்லை. “சமைக்க ஒரு சட்டி போதும்மா” என்றாள். அடி நெளிந்த அலுமினியச் சட்டியைக் கொடுத்து, அவள் தலையில் கைவைத்து ஜெபமும் பண்ணினேன். குக்கர் என் பழைய சேலைக்குள் சுருண்டு, த்ரீவீலில் என் வீட்டுக்குப் போனது.

அடுத்த கிழமை பாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். ஜெபிக்கக் கண்ணை மூடினோம். குசினியில் பருப்பு... விசில்!

“என்ன சத்தமம்மா?”

“பக்கத்து வீடாக்கும், பாஸ்டர்.”

இரண்டாம் விசில். பைபிளில் பொய் சொன்ன சீடனுக்குக் கூவிய சேவல் ஒன்றுதான் குறை!

“புதுக் குக்கரோ?”

“சபைக் குசினிக்கெண்டு எடுத்து வச்சனான், பாஸ்டர். வேலை செய்யுதோ எண்டு ஒருக்காப் பாத்தனான். பெண்டுகள்தான் வைக்கச் சொன்னவை...”

நல்ல மனுஷன். நம்பினார். பருப்போடு சோறும் சாப்பிட்டார். போகும்போது சொன்னார்: “வாற கிழமைக் கூட்டத்தில நீங்கதான் பேசவேணும். சவுல் ராசா ஏன் தோத்தவர், தலைவர்மாருக்கு அதில என்ன பாடம் எண்டு.”

பேத்தியைப் பைபிளில் அந்தக் கதையை வாசித்துக் காட்டச் சொன்னேன். பகைவரை வென்றால் அவர்களுடைய எதையும் மிச்சம் வைக்காதே என்று சவுலுக்குக் கடவுளின் கட்டளை. அவரோ கொழுத்த ஆடுகளை மிச்சம் வைத்தார். சாமுவேல் தீர்க்கதரிசி வந்து, என்ன இது ஆட்டுச் சத்தம் என்று கேட்டார். ‘கடவுளுக்குப் பலியிடத்தான் வைத்தோம், சனங்கள் செய்த வேலை’ என்றாராம் ராசா.

“அம்மம்மா, ஏன் இப்பிடி வேர்க்குது?” என்றாள் பேத்தி.

வேர்க்காமல்? அந்தக் காலத்து ராசாவுக்கு என் பொய்யை யார் சொல்லிக் கொடுத்தது!

கூட்டத்தில் பேசினேன். நன்றாகவே பேசினேன்! தலைவருக்கு ஆசை வரலாம். அந்த ஆசைக்குக் கடவுளின் பெயரை மூடியாகப் போட்டால் ராச்சியம் போகும் என்றேன். கை தட்டினார்கள். சவுலுக்கு ராச்சியம் போனது. எனக்கோ தலைவிப் பதவியை இன்னும் நீட்டித் தந்தார்கள்!

கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த செல்வி எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

“அம்மா, நீங்க குடுத்த சட்டியில சின்ன ஓட்டை. தூக்கிப் போட மனசு வரல்ல. நீங்க ஜெபிச்சுக் குடுத்ததாச்சே! கோதுமை மாவ வச்சு அடைச்சுத்தான் சோறாக்குறேன்.”

சிரித்தேன். வேறென்ன செய்ய?

குக்கரைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தால் என்ன என்கிறீர்கள். கொடுக்கலாம்... ஏதம்மா இது என்று கேட்பாளே! பெட்டிக்குள் வைத்துக் கட்டி, மூன்று தரம் பஸ் நிறுத்தம் வரை போனேன். மூன்று தரமும் திரும்பினேன். உங்கள் அலுமாரியைத் திறந்து காட்டுங்கள், பிறகு என்னைப் பார்த்துச் சிரியுங்கள்!

இன்றைக்கும் பருப்புத்தான், சபைக் குசினிக்குப் போகாத அதே குக்கரில். பாஸ்டர் வருகிற நாளில் ரேடியோவைப் பெரிதாகப் போட்டுவிடுவேன்.

அதற்கு மேலாலும் கேட்கிறது... ஆடு.