பை தொங்க வேண்டிய இடம்

முதலில் அரிப்புதான் வந்தது. உள்ளங்கை, உள்ளங்கால், பிறகு உடம்பெல்லாம். கண் மஞ்சளானதும் வரிச்சிக்குடியில் ஆளாளுக்கு வைத்தியரானார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்து, உப்பில்லாமல் இருபது நாள் பத்தியம் இருந்தேன். நான் அறிவியல் டீச்சர் வேறு. வெட்கக்கேடு!

ஸ்கேனில் கணையத்தில் புற்றுநோய்க் கட்டி தெரிந்தது. அது பித்தநாளத்தை (கல்லீரலிலிருந்து பித்தநீர் குடலுக்கு இறங்கும் குழாய்) நெரித்துக்கொண்டிருந்தது. விலா இடுக்கில் துளையிட்டுக் குழாய் விட்டு, பித்தத்தை வெளியே ஒரு பையில் வடியவிட்டார்கள். பிலிருபின் (ரத்தத்தில் தேங்கும் மஞ்சள் பொருள்) இறங்கினால்தான் கீமோ தொடங்க முடியும். இறங்கிக்கொண்டும் இருந்தது.

அப்போதுதான் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பிரெஞ்சு நேஷனாலிட்டி. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு முன்னால் கடவுளே கைகட்டி நிற்பார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. பார்த்தா குடும்பத்துல சீக்குன்னு நெனைப்பாங்க. அந்தப் பையக் கொஞ்சம் மேல தூக்கிச் சொருகிக்கங்களேன்" என்றாள் நாத்தனார்.

என் கணவர் புடவைக்கு ஊக்கு தேடி எடுத்துக் கொடுத்தார். நான் மட்டும் என்ன யோக்கியம்? பட்டுப்புடவைக்குள் பையை மார்புவரை தூக்கிச் சொருகி, குழாயின் திருகையும் மூடிவிட்டு, நாலு மணி நேரம் இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் குளிர் தூக்கிப் போட்டது. தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகி ரத்தத்தில் கலந்திருந்தது.

"பை இடுப்புக்குக் கீழதான் தொங்கணும்னு சொன்னேனா, இல்லையா?" என்றார் டாக்டர்.

"சொன்னீங்க சார்."

"அப்புறம் ஏம்மா?"

ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காக என்று சொல்ல நாக்கு கூசியது. கீமோ ஒரு மாதம் தள்ளிப்போனது. கட்டிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. அடுத்த ஸ்கேனில் வளர்ந்திருந்தது.

நாத்தனார் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "எல்லாம் கண்ணு பட்டிருக்கு அண்ணி."

"ஆமா, பிரான்ஸ் கண்ணு" என்றேன்.

குழாயோடு இருப்பவர்களே, பையை மறைக்கச் சொல்பவர் யாரும் உங்களுக்குப் பதிலாக வார்டில் படுக்க மாட்டார்.

கீமோ இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. போன வாரம் கல்யாணம். "சிரமப்படாதீங்க அண்ணி, வீட்டுலயே ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லியனுப்பினாள். போனேன். முன்வரிசையில் உட்கார்ந்து, பையை எல்லோரும் பார்க்க முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டேன்.

இப்போதெல்லாம் நான் கடிகாரம் பார்ப்பதில்லை. பை கால்வாசி நிறைந்தால் காலை, பாதி நிறைந்தால் மதியம். தாலி ஏறும்போது கால்வாசிகூட ஆகவில்லை. நேரம் இருந்தது. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து, உப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.